மார்ச்சில் இறக்கை

வெளியே இன்னும் பனி கிடக்கிறது.
ஒஹாயோவில், பார்மாவில், மார்ச் இப்படித்தான்:
உப்புத் தின்ற சாலை, சாம்பல் குவியல்கள்,
யாரும் எடுத்து வைக்காத கிறிஸ்துமஸ் மான்
காற்றுப் போய்ப் புல்லில் மல்லாந்து.

குளியலறை ஜன்னல் விளிம்பில்
இருபத்து மூன்று கறுப்புப் பூச்சிகள், இறக்கையோடு.
எண்ணி, ஊறுகாய் ஜாடியில் போட்டு
மூடி வைத்திருந்தாள் தாரியா ஹ்னாட்யுக்.
"கறையான் என்கிறார் என் கணவர்."

ஜாடியை வெளிச்சத்தில் திருப்பினேன்.
கறையானுக்கு இடை கிடையாது.
இவற்றுக்கு இருக்கிறது, நூல் கட்டி இறுக்கியதுபோல்.
மீசை முழங்கையாய் மடிகிறது.
முன்னிறக்கை நீளம், பின்னிறக்கை குட்டை;
கறையான் என்றால் நான்கும் ஒரே அளவில் தைத்திருக்கும்.

தச்செறும்பு, என்றேன்.
மரத்தைத் தின்னாது. குடைந்து துப்பும்.

"பக்கத்து வீட்டு அடிமரத்திலிருந்து வருகிறதாம்.
அதுவும் அவர் சொன்னதுதான்."

பனியைக் காட்டினேன்.
இந்தக் குளிரில் எது நடந்து வரும்?
மே மாதமென்றால் விருந்தாளி எனலாம்.
மார்ச்சில் இறக்கையோடு வந்தால்
இந்த வீட்டில் பிறந்தது.

ஆறு வாரமாய் மருந்து அடித்திருக்கிறாள்,
தொட்டிக்கடியில் நான்கு காலி டப்பா.
ஆம்புலன்ஸ் அழைப்புகளுக்குப் பதில் சொல்லும் இரவு வேலை;
விடிகாலை வந்து, காலணி கழற்றாமல்,
கண்ணில் பட்டதையெல்லாம் நனைத்திருக்கிறாள்.
செத்தவை இரை தேட வந்தவை,
நூற்றுக்கு ஐந்தோ பத்தோ.
மற்றவை உள்ளே, சேதி தெரியாமல்.

பதினாறு வருடமாய் எனக்கு இதே வேலை.
ஒரு டார்ச், ஒரு ஈரமானி,
ஸ்க்ரூ டிரைவரின் மறுமுனை.
சுவரைத் தட்டினேன்,
தூங்குகிறவர் வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல்.
காதை வைத்தேன்.
முதலில் ஃபிரிட்ஜின் முனகல் மட்டும்.
பிறகு
மிட்டாய்க் காகிதத்தை யாரோ
மடித்து மடித்து ஒளிப்பதுபோல்.

நீங்களும் கேளுங்கள், என்றேன்.
கேட்டாள்.
கன்னத்தைச் சுவரிலிருந்து எடுக்க நேரமாயிற்று.

தரையோரம் ஒரு சிட்டிகை மரத்தூள்.
தூளுக்குள் கால்கள், உடைந்த தலைகள்;
செத்த சொந்தத்தையும் குப்பையோடு கொட்டும் ஒழுங்கு.
ஈரமானி இருபத்தெட்டு காட்டியது.
எறும்பு ஊரக் கல்லும் தேயுமாம்,
இங்கே அவ்வளவு பாடு இல்லை,
மரம் பாலில் போட்ட ரொட்டியாய் ஊறிக் கிடந்தது.

"இந்த ஜன்னல் எப்போது மாற்றியது?"
"போன கோடைக்கு முந்தின கோடை. ஆள் வைத்து.
தொள்ளாயிரம் டாலர் ஆயிற்று என்றார்."

பலகையைப் பெயர்த்தேன்.
மழையைத் திருப்பிவிடும் தகரப் பட்டை இல்லை,
நுரையும் பசையும் மட்டும்.
அறைகள், தூண்கள், வழவழவென்று
உப்புத்தாள் தேய்த்த நடைபாதைகள்,
வெள்ளைப் பொதிகளை வாயில் கவ்வி
வெளிச்சத்திலிருந்து ஓடுகிற தாதிகள்.
அதற்கும் மேலே, கெடாத கட்டையில்,
பென்சிலில் யாரோ குறித்த அளவு:
முப்பத்தேழு. ஏழின் இடுப்பில் குறுக்குக் கோடு.

நான் எதுவும் சொல்லவில்லை.
டார்ச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.
"ரோஸ்டிக்கின் ஏழு," என்றாள்.

வளைக்குள் தூள் ஊதினேன்.
இது கிளை வீடாக இருக்கலாம், ராணி வேறெங்கோ;
அதனால் சுவரோரம் இனிப்புப் பசையும் வைத்தேன்.
இது உடனே கொல்லாது.
சுமந்து போக வேண்டும்,
வாய்க்கு வாய் ஊட்ட வேண்டும்,
நல்ல செய்திபோல் வீடெங்கும் பரவ வேண்டும்.
மூன்று வாரம் டப்பாவைத் தொடாதீர்கள்,
அந்த வாடை பட்டால் இதைத் தின்னாது.
முதலில் ஜன்னலைச் சரியாகப் போடுங்கள்;
ஈரம் இருந்தால் அடுத்த கூட்டம் வரும்.

தலையாட்டினாள். எதைக் கேட்டாளோ.

பலகையைத் திரும்ப அடித்துவிடவா?
"வேண்டாம். ஐந்தரைக்கு வருவார்."

சமையல் மேடையில் ரசீது எழுதினேன்,
நூற்றெழுபத்தைந்து டாலர்.
என் ஏழில் கோடு கிடையாது.
அதையும் பார்த்தாள்.