அடுத்து இந்த அறைக்கு வருபவருக்கு

சாவி கீழ்த்தளத்தில் சியாலாவிடம் இருக்கிறது.
இரண்டிலிருந்து நாலுவரை தூங்குவார், தட்டாதீர்கள்.
சன்னலின் வலது பாதி திறக்காது.
மூன்று குளிர்காலம் முயன்றுவிட்டோம்.

நீங்களும் ஏதோ நிறுவனம் தொடங்குகிறீர்களாம்,
வீட்டுக்காரர் சொன்னார்.
நாய்களுக்கு என்றார், இல்லை நாட்காட்டிக்கு என்றார்.
அவர் காது அப்படி.

நாங்கள் லிஃப்ட்.
கிள்தானியின் ஒன்பது மாடிக் கட்டடங்களில்
காசு போட்டால் மேலேறும் லிஃப்ட்.
நடுவழியில் நின்றால், உள்ளிருப்பவர் கத்துமுன்
பழுதுபார்ப்பவருக்குத் தெரிய வேண்டும்.
அவ்வளவுதான் யோசனை.
அவ்வளவுதான் என்று சொல்லப் பதினான்கு மாதம் ஆனது.
அதுவரை திபிலீசி முழுக்கப் படம் காட்டினோம்,
‘செங்குத்துப் பயணத்தின் எதிர்காலம்’ என்று.
யாரும் சிரிக்கவில்லை.
அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

எட்டு மாதம் செயலி எழுதினேன்.
மால்காசின் மாமனார் தந்த பதினோராயிரம் லரி.
அழகான செயலி,
லிஃப்டைப் போலவே பாதியில் நின்றது.
அப்புறம்தான் மால்காஸ் ஒரு மடக்கு நாற்காலியோடு
பதினேழாம் கட்டடத்து வாசலில் போய் உட்கார்ந்தான்.
ஆறு நாள்.
யார் எந்த மாடி,
யார் சில்லறை இல்லாமல் மூச்சுவாங்கப் படியேறுகிறார்,
யார் யாரை எதற்குத் திட்டுகிறார்.
ஏழாம் நாள் வந்து ஷூவைக் கழற்றாமலே சொன்னான்.
‘பழுதுக்குப் பழகிவிட்டார்கள், லியானா.
உண்டியலில் எவ்வளவு விழுந்தது என்பதில்தான்
ஒருவரை ஒருவர் நம்புவதில்லை.
சண்டை அங்கே.’

எட்டு மாத வேலையை ஒரே மதியத்தில் அழித்தேன்.
அழுதேனா என்றால்
பாத்திரம் கழுவினேன்.
காசை எண்ணிக் கதவில் கணக்குக் காட்டும் சின்னப் பெட்டி,
ஒன்பது நாளில் பிறந்தது.
அந்த நாற்காலி கதவுக்குப் பின்னால் இருக்கிறது.
உங்களுக்குத்தான். மேசைக்குமுன் அதை விரியுங்கள்.

இலவசம் என்றதும் சியாலா முகம் சுளித்தார்.
‘சும்மா தருகிறவன் நாளைக்கு இருக்கமாட்டான்.’
முப்பது லரி கேட்டோம்.
இருபத்தைந்துக்குப் பேரம் பேசி
ஆறு மாத முன்பணத்தைச் சில்லறையாகவே கொட்டினார்.
இரவு பத்துவரை எண்ணினோம்.
பெட்டி அப்போது வேலை செய்யவில்லை.

பங்கை எழுதிவையுங்கள்,
ஒருவருக்கொருவர் ஒயின் ஊற்றிக்கொடுக்கும் நாட்களிலேயே.
எங்களில் மூன்றாமவன் வாஷா,
ஐந்தாம் மாதம் கிளம்பினான். நல்லவன்.
எங்கள் நிறுவனத்தில் மூன்றிலொரு பங்கு
இன்று போலந்தில் ஒரு கிடங்கைப் பார்த்துக்கொள்கிறது.

சுவரில் பென்சில் எண்கள் இருக்கும்,
தயவுசெய்து வெள்ளையடிக்காதீர்கள்.
கையிலிருக்கும் பணம் எத்தனை வாரம் வரும் என்று
வெள்ளிதோறும் எழுதியது.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொல்வார்கள்,
நாங்கள் ஆறு எங்கே என்றே தெரியாமல் போட்டுக்கொண்டிருந்தோம்.
முப்பத்தொன்று. முப்பது. இருபத்தாறு.
ஒன்பது. நாலு.
நாலுக்கு அடுத்து ஒரு வெற்றிடம் தெரிகிறதா?
அந்த வெள்ளி யாரும் பென்சிலைத் தொடவில்லை.
அடுத்தது பதினொன்று.
இடையில் மால்காசின் கார் இருக்கிறது.

எங்களைப் பெரிய ஆட்கள் வாங்கிவிட்டதாக
வீட்டுக்காரர் சொல்வார், நம்பாதீர்கள்.
நாற்பத்தொரு கட்டடம்.
சம்பளம் வாங்கும் ஒரே ஒருத்தி, பெயர் எதெரி.
இரண்டு தெரு தள்ளி
சன்னல் திறக்கும் அறை. அவ்வளவுதான்.

இந்தக் கட்டடத்திலும் எங்கள் பெட்டிதான்.
நடுவில் நின்றுவிட்டால்
பொத்தான்களுக்கு மேலே ஒட்டியிருப்பது என் சொந்த எண்.
இரவு இரண்டு மணியானாலும் நான்தான் எடுப்பேன்.
எதெரி கேட்கிறாள், இன்னும் தரவில்லை.
திட்டு வாங்குகிற வேலையைச் சீக்கிரம் கைமாற்றிவிடாதீர்கள்,
அடுத்து என்ன செய்வது என்பதை
அவர்கள் திட்டும்போதுதான் சொல்கிறார்கள்.

சன்னல் திட்டில் இருபது தெத்ரி வைத்திருக்கிறேன்.
சாமானோடு நாளை வரும்போது
ஒரு தடவை மேலேற.
இறங்குவதற்குக் காசு கிடையாது.