நாட்கூலி

ஒரு நாளைக்கு நாலாயிரத்து ஐந்நூறு, சாப்பாடு தனி.
ரத்தோட்டையிலிருந்து வானில் ஏற்றிப் போனார்கள்.
கடைசி மூன்று கட்டை நடைதான்,
அட்டை ஏறாமல் காலில் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டு.

ஏலக்காய் வாடியின் முன்னால் கூட்டம்.
பதினொரு வீட்டார்.
பணம் தரும் நாட்டிலிருந்து வந்த துரைசானி.
வனக்காவலர் இருவர், துவக்கோடு.
துவக்கு எதற்கென்று துரைசானி கேட்கவில்லை.
கேட்டிருந்தால்
அதையும் நான்தான் மொழிபெயர்த்திருக்க வேண்டும்.

காடு கொஞ்சம் மூச்சுவிடட்டும் என்றார்.
அப்படியே சொன்னேன்.
ஒச்சப்பன் கேட்டான்:
"எங்க மூச்சு பட்டா அதுக்கு மூச்சு முட்டுதாமா?"
அவருக்குச் சில சந்தேகங்கள் இருக்கின்றன
என்று நான் சொன்னேன்.

பேச்சாயி எழுந்தாள்.
எழுபத்தேழில் அடிபட்டு, கைப்பிள்ளையோடு
இந்த மலை ஏறி வந்தது,
எந்த மரத்தடியில் எந்தப் பிள்ளையின் கொடி,
எந்த ஓடை மழைக்கு முந்தியே சிவக்கும்,
சிறுத்தை குட்டி போட்ட பாறைப் பக்கம்
மூன்று மாதம் ஒருத்தரும் விறகுக்குப் போகாதது,
போன ஒருத்தனை அவளே விளக்குமாற்றால் அடித்தது.
ஏழு நிமிடம்.
இவர்களுக்கு இடத்தின் மேல் பற்று அதிகம், என்றேன்.
துரைசானி தலையாட்டி எழுதிக்கொண்டார்.

படிவத்தின் தலைப்பு நான் கட்டியது:
தன்விருப்ப இடப்பெயர்வு.
இரண்டு இரவு யோசித்தேன் அதற்கு.
சந்திப்பிழைகூடக் கிடையாது.
பத்து வீட்டுப் பெருவிரல் நீலமானது.
ஒச்சப்பன் கையை மடிக்குள் வைத்துக்கொண்டான்.

ஐப்பசியில் வந்தார்கள், இரவில்.
மழைக்கு எரியாது என்று
கூரைத் தகரங்களைக் கழற்றி ஓடைப் பக்கம் வீசினார்கள்.
காய்ந்த ஏலக்காய், நாலு மூட்டை, சேற்றில்.
துவக்கின் பின்கட்டை ஒச்சப்பனின் முழங்காலில்
எத்தனை தரம் இறங்கியது என்பதில்
சாட்சிகளுக்குள் வித்தியாசம் உண்டு.
மூன்று என்கிறார்கள், ஐந்து என்கிறார்கள்.
மாத்தளை ஆஸ்பத்திரித் துண்டில்
"வழுக்கி விழுந்தார்" என்றிருக்கிறது.
அதை நான் எழுதவில்லை.

தை மாதம் அங்கே பலகை நட்டார்கள்.
நன்கொடை நாட்டின் கொடி, ஒரு சிறுத்தை,
மூன்று மொழி.
கடைசி வரியில் தமிழ்:
"சிரித்தைகளின் வழி."
அதையும் நான் எழுதவில்லை.
பார்த்ததும் சிரிப்பு வந்தது,
வந்த சிரிப்பு வெகுநேரம் வாயிலேயே நின்றது.

பிறகு முறைப்பாடு போய், விசாரணைக் குழு வந்தது.
அதே வான். இப்போது ஐயாயிரம்.
பள்ளிக்கூட மண்டபத்தில், பாய்களுக்கு நடுவே,
அகதிகளாய் அதே பதினொரு வீட்டார்.
ஒச்சப்பன் வாங்கில் காலை நீட்டியிருந்தான்.

நடந்ததைச் சொல்லச் சொன்னார்கள் பேச்சாயியை.
அவள் குழுவைப் பார்க்கவில்லை.
என்னைப் பார்த்தாள்.
"போன தரம் நான் பேசினத
முழுசா சொன்னியா தம்பி?"

துரைசானி பேனாவைத் திறந்தார்.
என்ன சொல்கிறார் என்று
என்னைக் கேட்டார்.