ஒரு சிரட்டை

மாசியில் ரப்பர் இலை கொட்டியது. பால்வெட்டு நின்றது.
தோட்டத்துப் புல் முற்றிக் கயிறாயிற்று.
பொன்மனைச் சரிவில் எனக்கென்று ஒரே பெட்டையாடு,
அதுவும் சினை.
புல்லைத் தின்னும், தின்னும், வயிறு பானையாகும்;
முதுகெலும்பை விரலால் எண்ணலாம்.

கடைசி ஒட்டுப்பாலை விற்று
அடர்தீவனம் ஒரு மூட்டை வாங்கினேன்.
சோளமும் தவிடும் பிண்ணாக்கும் மணக்கிற மூட்டை.
பட்டினி கிடந்த வாய்க்கு யார் அளந்து போடுவார்?
நான் அளக்கவில்லை.
போதாததற்கு, காயவைத்த மரச்சீனிச் சீவலும் ஒரு கடவம்.
தலையெடுக்காமல் தின்றது.
எனக்கே பசியாறிய மாதிரி இருந்தது.

ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு.
வெட்டு இல்லாவிட்டாலும் உடம்பு எழும்பிவிடும்.
கொட்டிலில் சத்தமில்லை.
அசைபோடும் சத்தம் என்று ஒன்று இருந்தது
நின்ற பிறகுதான் தெரிந்தது.
இடது விலாவில் கைவைத்தேன்:
தளும்பியது.
வாயில் புளித்த கள்ளின் வாடை.

போனில் டாக்டர் ஷைனிமோள், தூக்கக் குரலில்:
“சோடா உப்பு இருக்கா? கலக்கிப் புகட்டுங்க.
தலையை ரொம்பத் தூக்காண்டாம், புரை ஏறிரும்.”
டெல்பின் மைனி ஆப்பத்துக்கு வைத்திருந்த பொட்டலத்தை
வேலிக்கு மேலே எறிந்தாள்.
விடியும்வரை ஆட்டை நடத்தினேன்,
ஒரு வரிசை மரம் போக, ஒரு வரிசை மரம் வர.

காலையில் வந்து குந்தியிருந்து சொன்னாள்:
“ஆட்டுக்கா தீனி போட்டிய?
உள்ள கோடிப் பேரு இருக்காங்க, கண்ணுக்குத் தெரியாது.
நாரை உடைக்கது அவங்கதான்.
கொஞ்சம் பிண்ணாக்கு குடுத்தா தெம்பா உடைப்பாங்க;
மாவா அள்ளிக் குடுத்தா
புளிச்ச தண்ணியில அவங்களே செத்துப்போவாங்க.”
பிறகு, கையைக் கழுவிக்கொண்டே,
“அசைபோடையில ஊறுத எச்சில்லயே சோடா உண்டு.
அது ஊற நாரு வேணும்.”

கயிறென்று நான் ஏசிய புல்.

இப்போது முதலில் புல், பிலாவிலை.
அதற்குப் பின் காலையில் ஒரு சிரட்டை, அந்திக்கு ஒரு சிரட்டை.
தலைதட்டி.
சிரட்டை நிறைய என்னைப் பார்த்துக் கத்தும்;
கத்தட்டும்.

பங்குனியில் இரண்டு குட்டி. ஒன்று மூச்சில்லாமல் விழுந்தது.
அந்த ராத்திரியின் கணக்கா, வேறு கணக்கா,
ஷைனிமோளும் சொல்லவில்லை.
மற்றதற்கு டெல்பின் மைனி சோடா என்று பேர் வைத்தாள்.
சிரித்தோம், கொஞ்சம் தாமதமாக.

மரம் தளிர்த்துவிட்டது. நாளை வெட்டு.
இரண்டு மணிக்கு எழும்பி, விளக்கை நெற்றியில் கட்டும்முன்
கொட்டில் பக்கம் காதுகொடுக்கிறேன்.
தொண்டையில் ஒரு உருண்டை ஏறுகிறது.
தாடை இடமிருந்து வலம்.
உள்ளே ஆட்கள் வேலையில் இருக்கிறார்கள்.
கத்தியை எடுத்துக்கொண்டு நானும் போகிறேன்.