விடுப்புக் காலப் பணியிடம்

புதியவர்களுக்கான வேலை என்று போட்டிருந்தது.
கீழே, சின்ன எழுத்தில்:
விண்வெளித் துறையில் மூன்றாண்டு அனுபவம் அவசியம்.
நீந்தக் கற்றுக்கொண்டு தண்ணீரில் இறங்கு என்பதுபோல.

முப்பத்தோரு விண்ணப்பம்.
பிரெமனிலிருந்து ஒரு மறுப்பு, துலூஸிலிருந்து ஒன்று.
மற்றவர்கள் மறுக்கக்கூட இல்லை.
லூலியோவில் வாங்கிய பட்டம்
குளிர்சாதனப் பெட்டிமேல் கிடக்க,
நான் இரும்புச் சுரங்கத்து ரயிலடியில்
தாது வண்டிகளுக்கு சென்சார் கம்பி மாற்றிக்கொண்டிருந்தேன்.

கிருணாவில் நள்ளிரவு தாண்டினால் சுரங்கம் வெடி வைக்கும்.
அலமாரியில் கோப்பைகள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும்.
அந்தச் சத்தத்தில் விழித்து
கைபேசியில் வேலை விளம்பரம் தேடுவேன்.
நாற்பது கிலோமீட்டர் கிழக்கே, காட்டுக்குள்,
ராக்கெட் விடுகிறார்கள்.
பள்ளிக்கூட ஜன்னலிலேயே பார்த்திருக்கிறேன்:
ஒரு வெள்ளைக் கோடு.
உடனே கணக்கு டீச்சர் திரையை இழுத்துவிடுவார்.

கதவைத் திறந்தது என் மதிப்பெண் அல்ல.
விடார் லந்தோவுக்குக் குழந்தை பிறந்தது.
எட்டு மாதம் தந்தையர் விடுப்பு.
அவன் நாற்காலிக்கு ஓர் ஆள் வேண்டும்,
எட்டே மாதத்துக்கு.
முகம் தெரியாத ஒரு சிறுமி
மூன்றேகால் கிலோ எடையோடு வந்திறங்கி
எனக்கு விண்வெளியில் இடம் பிடித்துக் கொடுத்தாள்.

நேர்காணலில் குன்னெல்
என் ஆய்வறிக்கையைத் திறக்கவே இல்லை.
"நீ எதை உடைத்திருக்கிறாய்? அதைச் சொல்."
சொன்னேன்.
அப்பாவின் காரை இரவெல்லாம் சூடாக வைக்கும் மின்கம்பி.
மலிவாகப் பார்த்து வாங்கினேன்.
மைனஸ் முப்பத்தாறில் சேமியாபோல் முறிந்தது.
கார் கிளம்பவில்லை. அப்பா வேலைக்குப் போகவில்லை.
ஒரு வாரம் என்னோடு பேசவும் இல்லை.
அன்றுமுதல் எந்தக் கம்பியானாலும்
ஃப்ரீசரில் ஓரிரவு வைத்து வளைத்துப் பார்க்கிறேன்,
அம்மாவின் பெர்ரிப் பொட்டலங்களுக்கு நடுவில்.
குன்னெல் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார்.

எனக்குத் தந்தது ஒரே ஓர் இணைப்பான்.
கட்டைவிரல் நீளம், முப்பத்தேழு முனை.
ஆகென் மாணவர்களின் சின்ன உலைக்கு
மின்சாரம் கொண்டுபோவது.
பற்றவைத்தேன், லென்ஸில் பார்த்தேன்,
வெட்டியெறிந்தேன், மறுபடி பற்றவைத்தேன்.
படிவத்தின் அடியில்
மாரித் கெம்ப்பைனென் என்று கையெழுத்திட்டபோது
'ப்'பின் புள்ளி தாளைக் கிழித்தது.

காற்றால் நான்கு முறை தள்ளிப்போனது.
கலைமான் மேய்க்கும் குடும்பம் தொலைபேசியில் கேட்டது:
இன்றைக்கா இல்லையா?
மந்தையை எத்தனை தரம் ஓட்டிக்கொண்டு போவது?
ஐந்தாம் நாள் விடிகாலை
எண்ணிக்கை பூஜ்யம் வரை இறங்கியது.
நான் ராக்கெட்டைப் பார்க்கவில்லை.
நிலவறையில், திரைமுன் இருந்தேன்.
தரை அதிர்ந்ததும்
சுரங்க வெடி என்றே உடம்பு நினைத்தது.
பிறகு ஒரு பச்சைக் கோடு,
இருபத்தெட்டு வோல்ட்டில், இழுத்துக் கட்டிய நூலாக.
எடையற்ற ஆறு நிமிடம்.
மூச்சு விட்டேனா, நினைவில்லை.
கோடு அசையவில்லை.

மதியம் ஹெலிகாப்டரில் போனோம்.
பனியில் பாதி புதைந்து கிடந்தது கலம்.
அதைச் சுற்றி அதற்குள் ஒரு நரியின் காலடிகள்.
இணைப்பான் கழன்று வர அடம்பிடித்தது.
ஃபின்னிஷில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னேன்.
வந்தது.

செப்டம்பரில் விடார் திரும்பினான்,
சட்டைத் தோளில் பால்கறையோடு.
வந்ததும் நாற்காலியைத் தன் உயரத்துக்கு ஏற்றினான்.
மகளுக்கு இரண்டு பல்லாம். படம் காட்டினான்.
அவளுக்கு நான் ஒரு நன்றி பாக்கி.
எப்படிச் சொல்வது என்று தெரியாமல்
அழகாயிருக்கிறாள் என்றேன்.

இன்றிரவு முப்பத்துமூன்றாவது விண்ணப்பம்.
அனுபவம், ஆண்டுகளில், என்கிறது கட்டம்.
ஆறு நிமிடம் என்று அடித்தால் சிவக்கிறது.
எண் மட்டும்தான் வேண்டுமாம்.
வகுத்துப் பார்க்கிறேன்:
புள்ளிக்குப் பின் நான்கு சுழியம்,
அப்புறம் ஒன்று, ஒன்று, நான்கு.
கட்டம் ஏற்றுக்கொள்கிறது.

அலமாரியில் கோப்பைகள் நடுங்குகின்றன.
அனுப்புகிறேன்.