நாற்பது நாள்

களுதாவளைக் கிளினிக் மேசையில்
ஒவ்வொன்றாய்ப் பரப்பி வைத்தா நிரோஜினி மிஸ்ஸி.

குளிசை, தினம் மறக்காமல்.
கறிக்கு உப்புப் போட்டேனா என்பதே எனக்கு மறக்கும்.
அதோடு கண் மின்னி வரும் தலையிடி.
"அப்ப இது உங்களுக்குச் சரிவராது"
அட்டையை அவவே ஒதுக்கினா.

ஊசியில் மச்சாளுக்குச் சொட்டுச் சொட்டாய்ப் பட்டு
திருவிழா முழுக்கக் கோயிலுக்கு வெளியே நின்றவள்.

கத்தாரிலிருந்து அவர் வருவது
வருசத்தில் நாற்பது நாள்.
"அதுக்குப் பத்து வருச லூப்போ?"
போனில் சிரித்தார்.
அப்படியொரு நாற்பது நாளில் வந்தவள்தான்
என் மடியிலிருந்து
மிஸ்ஸியின் பேனையை இழுக்கிறாள்.

செம்பு சுற்றிய சின்னக் கம்பி,
தீக்குச்சியிலும் குட்டை.
இன்னொன்று வேணுமெண்டால் எடுக்கலாமா?
"எப்பவும்."

அந்தச் சொல்லைத்தான்
தெரிந்தெடுத்தேன்.