விளக்குக்குப் பத்துப் புள்ளி

ரேக்யவிக்கிலிருந்து முதலில் பஸ், பிறகு படகு.
படகில் எனக்குக் குமட்டியது.
பையிலிருந்த ஆறு டேப்லெட்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை.
அவற்றுக்குள் ஒரு லுண்டிக் குஞ்சு
எட்டு மாதமாய்ப் பறந்துகொண்டிருந்தது.

மூன்று வயது முதல் ஆறு வரை.
ஆகவே விளையாட்டில் விழுதல் கிடையாது.
மோதினால் பாறை பஞ்சு.
தொட்டால் கடல் மெல்ல மேலே தட்டிவிடும்.
விரலை எடுத்தாலும் இறக்கை நிற்காது.
ஊர்மேல் நூறு விளக்கு,
ஒன்றைத் தொட்டால் டிங் என்று பத்துப் புள்ளி.
அந்த டிங்குக்காக மட்டும்
நாற்பது கண்ணாடிக் கோப்பையைத் தட்டிக் கேட்டிருக்கிறேன்.

ஹெய்மேய் தீவு. செப்டம்பர்.
மழை பக்கவாட்டில் பெய்தது.
பாலர் பள்ளி வாசலில் குட்டி ரப்பர் பூட்ஸ்கள்,
எதற்கும் ஜோடி தெரியவில்லை.

ஸ்டெய்னாருக்கு ஐந்து வயது.
திரையைப் பார்த்ததும் "மூக்கு தப்பு" என்றான்.
குஞ்சுக்குச் சாம்பல் மூக்காம்,
ஆரஞ்சு பெரியதுகளுக்காம்.
குறித்துக்கொண்டேன்.

இசோல்ட் எதுவும் சொல்லவில்லை.
இரண்டு கட்டைவிரலையும் ஊன்றி
குஞ்சை ஊரைவிட்டுத் திருப்பினாள்.
அம்புக்குறி மின்னியது: விளக்கு அந்தப் பக்கம்.
அவள் மேற்கே போனாள்.
புள்ளி பூஜ்யம்.

பிள்ளைக்குப் புரியவில்லை போல என்று
குனிந்து நானே காட்டினேன்:
பார், விளக்கு, இப்படி, டிங்.
என் கையைத் தட்டிவிட்டாள்.
"அங்கே போனா கார் ஏத்திடும்."

நிமிர்ந்து பார்த்தால்
ஆறு மேசையிலும் ஆறு குஞ்சும்
இருட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன.

ஈர மழைக்கோட்டுகளை மாட்டியபடியே
ஆசிரியை ஊனுர் சொன்னாள்.
ஆகஸ்ட் கடைசியில் வளையைவிட்டுக் கிளம்பும் குஞ்சு
தெருவிளக்கை நிலா என்று நம்பிவிடும்.
துறைமுகத்தில் விழும், மீன் லாரிக்கடியில் விழும்.
அந்த ராத்திரிகளில் இங்கே யாரும்
பிள்ளைகளைத் தூங்கச் சொல்வதில்லை.
கையில் டார்ச், இடுப்பில் அட்டைப்பெட்டி.
விடிந்ததும் பாறை முனைக்குப் போய்க் கடலில் வீசுவார்கள்.
வீசுவார்கள் என்றுதான் சொன்னாள்,
விடுவார்கள் என்று அல்ல.
எப்படி என்று ஸ்டெய்னார்
டேப்லெட்டை முழங்காலுக்கிடையில் ஆட்டிக் காட்டப் போக
பாய்ந்து பிடித்தேன்.

இசோல்ட் இந்த வருஷம் பதினேழு.
பதினெட்டாவது பெட்டியிலேயே இருந்துவிட்டது.

அதற்குள் அவள் விளிம்புக்குப் போயிருந்தாள்.
வரைபடம் முடியும் இடத்தில் நான் ஒரு காற்று வைத்திருந்தேன்.
கோபமில்லாத காற்று.
யார் வந்தாலும் தோளைத் தொட்டு
ஊர்ப்பக்கம் திருப்பி அனுப்பும்.
குழந்தை தொலைந்துவிடக்கூடாதே.
அவள் குஞ்சு முட்டியது, திரும்பியது.
முட்டியது.
ஒன்பதாம் தடவை அழத் தொடங்கினாள்,
சத்தமில்லாமல், விரலை எடுக்காமல்.

திரும்பும் படகில் குமட்டல் இல்லை,
அல்லது கவனிக்கவில்லை.
காற்றை அழித்தேன். நான்கே வரி.
டிங்கை எடுத்தேன், அது கொஞ்சம் வலித்தது.
மூக்கைச் சாம்பலாக்கினேன்.
விளக்குகளை அப்படியே விட்டேன்,
ஊர் என்றால் விளக்கு இருக்கத்தானே செய்யும்.

"மேற்கே எவ்வளவு தூரம்?" என்றான் ஹ்யால்மர்.
சம்பளம் போடுகிறவன், கேட்கலாம்.
முடியாது என்றேன்.
"அங்கே என்ன இருக்கு?"
அலை.
"குழந்தை என்ன பண்ணும்?"
போகும்.
நாற்காலியில் ஒரு சுற்று சுற்றினான்.
"இதை யார் வாங்குவாங்க?"
அதற்கு என்னிடம் பதில் இல்லை, இன்றும் இல்லை.

அக்டோபரில் ஊனுரிடமிருந்து குறுஞ்செய்தி:
பதினொரு நிமிஷம் மேற்கே போனாள்.
ஒரு வார்த்தை பேசவில்லை.
அப்புறம் டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுச்
சாப்பிடப் போய்விட்டாள்.

விரலை எடுத்தாலும் இறக்கை நிற்காது,
அதை எழுதியது நான்தான்.
பேட்டரி எவ்வளவு இருக்கு என்று
பதில் அனுப்பினேன்.