சதுரத்துக்கு மூன்றும் சொச்சமும்

தார்த்து நகரில் ஜனவரி.
உறைந்த ஆற்றின்மேல் ஆட்கள் நடந்துபோகிறார்கள்.
நான் நிலவறையில், விளக்கை அணைத்துவிட்டு,
சொரசொரப்பான கண்ணாடி ஒன்றின் வழியாகவும்
மோதிரமாகச் செதுக்கிய துளையின் வழியாகவும்
சிவப்பு லேசரை அனுப்பி
சிதறி விழுந்ததைப் படமெடுக்கிறேன்.
மினுங்குகிற மணல்போல் விழுகிறது.
எனக்கு வேண்டியது மினுங்காத இடங்கள்.

புள்ளிக்கொரு கடிகாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.
முள்ளின் நீளம் அலையின் உயரம்,
முள் காட்டும் மணி அலையின் நேரம்.
சில இடங்களில் முள் தேய்ந்து தேய்ந்து
இல்லாமலே போய்விடுகிறது.
அங்கே மணி என்ன என்றால் பதில் கிடையாது.
சுற்றி ஒரு நடை போய்ப் பார்த்தால்
ஒன்றிலிருந்து பன்னிரண்டுவரை எல்லா மணியும்
வட்டமாக உட்கார்ந்திருக்கின்றன,
எழவு வீட்டு நாற்காலிகளில்போல.

இன்னொரு கதிரைச் சாய்த்து விட்டால் வரிவரியாக விழும்.
வரி எங்கே கவையாகப் பிரிகிறதோ
அங்கே முள் இல்லாத கடிகாரம்.
மேல்நோக்கிய கவைக்குச் சிவப்புப் பென்சில்.
கீழ்நோக்கியதற்கு நீலம்.
ஊர்மாஸின் நிரல் இதைக் கண் சிமிட்டுவதற்குள் எண்ணிவிடும்;
ஓரங்களில் அது தடுமாறுகிறது என்பது என் கட்சி.
அதனால்தான் பென்சில்.

முந்நூற்றுப் பதினொன்று சிவப்பு.
முந்நூற்று ஒன்பது நீலம்.
மீதி இரண்டு நீலம்
படத்தின் விளிம்புக்கு அந்தப் பக்கம் நிற்கும்.
பரப்பைக் கூட்டிக்கொண்டே போனாலும்
பிசகு அந்த வேகத்தில் ஏறாது;
அது வேலியோரத்துத் தகராறு.
உள்ளே, ஒரு சிவப்புக்குப் பக்கத்தில் இருப்பது
அநேகமாக ஒரு நீலம்தான்.

அலைநீளத்தைப் பக்கமாக வைத்துச் சதுரம் கீறினால்
சராசரிக்கு அதற்குள் விழுவது மூன்றும் சொச்சமும்.
வட்டத்தின் சுற்றை விட்டத்தால் வகுத்தால் வருமே,
அதே சொச்சம்.
வட்டம் எங்குமே தென்படாத இந்தக் கூளத்துக்குள்
அது எப்படி வந்து உட்கார்ந்தது என்று
தாளில் போட்டால் எனக்குப் புரிகிறது.
தாளை மூடினால் புரிவதில்லை.

மூன்று வாரமாக ஒன்றைப் பின்தொடர்ந்தேன்.
கண்ணாடியை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி,
படம் படமாக.
நாற்பத்தேழாம் எண், சிவப்பு.
பன்னிரண்டாம் படத்தில்
ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து
ஒரு நீலத்தோடு சேர்ந்து பிறந்தது.
இருபதாம் படத்துக்குள் பிரிந்துவிட்டார்கள்.
கூடப் பிறந்த நீலம் வேறொரு சிவப்போடு மோதி
இரண்டுமே மறைந்தன. இவ்வளவுதான் இவற்றின் சாவு:
ஒரு கூட்டல், ஒரு கழித்தல், பிறகு வெறும் வெளிச்சம்.
அறுபத்தோராம் படத்தில் நாற்பத்தேழு
தனியாக இடப்பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது.
அதை நோக்கி இரண்டு நீலங்கள்.
எது என்று நாளை பார்க்கலாம் என்று
வீட்டுக்குப் போய்த் தூங்கினேன்.

காலையில் துப்புரவுக்கு வந்த ரயீசா
வாசலிலேயே நின்றாள்.
"கண்ணாடி ஒரேயடியாக மங்கிக் கிடந்தது.
கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவி, மாட்டிவிட்டேன்.
என்ன தேய்த்தும் மங்கல் போகவில்லை, மன்னிக்கணும்."

திரையில் வேறொரு மணல்.

ஊர்மாஸ் நிரலை ஓட்டினான்.
சதுரத்துக்கு மூன்றும் சொச்சமும்.
"நல்லதாப் போச்சு, இன்னொரு மாதிரி கிடைத்தது" என்றான்.
அவன் சொன்னது சரி. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.
ஆனால் அட்டவணையில் 'முடிவு' என்று ஒரு பத்தி இருக்கிறது.
காலியாக விட்டால் நிரல் ஏற்காது.
சோப்பு என்று எழுதினேன்.

ரயீசா வாளியைக் கீழே வைத்துவிட்டுக்
கேட்டாள், நான் அழித்தது எது என்று.
விரலை வைத்துக் காட்டினேன்.
அந்த இடம் பளிச்சென்று இருந்தது.
"இதுவா" என்று அவள் குனிந்து
வெகுநேரம் பார்த்தாள்.